இறக்கையின் முன்விளிம்புக்கு அலுமினியமா, ப்ளைவுட்டா, ஃபைபர் கிளாஸா?

பிப்ரவரி 9 – வாசகர் கேள்வி

சார், வீட்டிலேயே கட்டும் விமானம். மர இறக்கை, நீளவாக்கில் ஓடும் இரண்டு ஸ்பார் (முக்கிய உத்தரங்கள்), கீழே தாங்கும் ஸ்ட்ரட் கம்பிகள், மேலே துணி. இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்களான ரிப் வேலை முடிந்துவிட்டது. வரைபடத்தில் முன்விளிம்புக்கு 0.4 மி.மீ. அலுமினியத் தகடு போடச் சொல்லியிருக்கிறார்கள். இதே விமானத்தைக் கட்டுகிற ஒருவர் 1.5 மி.மீ. ப்ளைவுட் போட்டிருக்கிறார், பார்க்க அருமையாக இருக்கிறது. இன்னொருவர் "இந்தக் காலத்தில் யார் இதெல்லாம் செய்கிறார்கள், ஃபைபர் கிளாஸ் போட்டுவிடு" என்கிறார். ஃபைபர் கிளாஸ்தான் வலுவானது என்று எனக்கும் தோன்றுகிறது. சரிதானே?

பிப்ரவரி 9, இரவு

எது வலுவானது என்பதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். உங்கள் இறக்கையில் அந்தத் தகடு பாரம் சுமக்கிறதா, இல்லை வடிவத்துக்காக மட்டும் இருக்கிறதா? அது தெரியாமல் பொருளைப் பற்றிப் பேசி ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஒரு அட்டைக் குழாயை எடுத்து இரண்டு கையாலும் முறுக்கிப் பாருங்கள். லேசில் அசையாது. அதையே நீளவாக்கில் ஒரு கோடாகக் கிழித்துவிட்டு முறுக்குங்கள், துவண்டுவிடும். 20 மி.மீ. ஆரம், அரை மி.மீ. சுவர் உள்ள குழாய் என்றால் கிழிக்காததற்கும் கிழித்ததற்கும் முறுக்கு விறைப்பில் 4800 மடங்கு வித்தியாசம். ஆரத்தைச் சுவரின் தடிப்பால் வகுத்து, வர்க்கம் எடுத்து, மூன்றால் பெருக்கினால் வந்துவிடும், நீங்களே போட்டுப் பாருங்கள். இறக்கையின் மூக்கும், அதாவது முன்விளிம்பும், இப்படித்தான். ஸ்பாரின் மேல் விளிம்பில் தொடங்கும் தகடு மூக்கைச் சுற்றி வந்து கீழ் விளிம்பில் இறுக ஒட்டிக்கொண்டால், ஸ்பாரைப் பின்சுவராகக் கொண்ட ஒரு மூடிய 'டி' வடிவக் குழாய் கிடைக்கிறது. ஷ்லைஹர் கா-6 மாதிரி பழைய மரக் கிளைடர்களில் ஸ்பாருக்கு முன்னால் ப்ளைவுட், பின்னால் வெறும் துணி என்று இருப்பதற்குக் காரணம் இதுதான், முறுக்கு முழுவதையும் அந்த மூக்கு வாங்கிக்கொள்கிறது. ஸ்பிட்ஃபயர் போர் விமானத்திலும் முன்பக்கத் தகடு தடிப்பு, பின்பக்கம் மெல்லிசு.

உங்களுடையது அந்த ஜாதி இல்லை. இரண்டு ஸ்பார், இரண்டுக்கும் தனித்தனி ஸ்ட்ரட், ஸ்பார்களுக்கு நடுவே குறுக்குக் கம்பிகள். இறக்கை முறுக்கிக்கொள்ளப் பார்த்தால் முன் ஸ்ட்ரட்டும் பின் ஸ்ட்ரட்டும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். மூக்குத் தகட்டைச் சின்ன ஆணிகளால் அங்கங்கே அடிக்கச் சொல்லியிருந்தால், வடிவமைத்தவர் அதைப் பாரக் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார் என்று பெரும்பாலும் நம்பலாம். தொடர்ச்சியான பசைக்கோடோ நெருக்கமான ரிவெட் வரிசையோ கேட்டிருந்தால் கதை வேறு, அங்கே பொருளையோ தடிப்பையோ அவரைக் கேட்காமல் தொடக்கூடாது. எதற்கும் வடிவமைத்தவருக்கு ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள்.

பிப்ரவரி 10

"சரி, வடிவத்துக்கு மட்டும்தான், இப்போது சொல்லுங்கள்" என்று உடனே பதில் வந்துவிட்டது. சொல்கிறேன், ஆனால் கணக்கோடு.

எடை முதலில். 0.4 மி.மீ. அலுமினியம் சதுர மீட்டருக்கு 1.1 கிலோ. 1.5 மி.மீ. பிர்ச் ப்ளைவுட் கிட்டத்தட்ட 1.05 கிலோ. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள கண்ணாடித் துணி இரண்டு அடுக்கை எபாக்ஸியோடு போட்டால் தடிப்பு அரை மி.மீ., எடை 0.9 கிலோ. 9 மீட்டர் இறக்கை, மூக்கைச் சுற்றி 45 செ.மீ. அகலம் என்றால் மொத்தமே நாலு சதுர மீட்டர்தான். மூன்றுக்கும் நடுவே ஒரு கிலோ வித்தியாசம்கூட வராது. கடைசியில் பட்டி பார்க்கிறேன் என்று ஆளாளுக்கு அப்பும் பட்டியின் எடை அதைவிட அதிகம்.

அடுத்தது விறைப்பு. தகடு வளைந்து கொடுக்காமல் நிற்பது அதன் தடிப்பின் மும்மடியைப் பொறுத்தது. அலுமினியத்தின் மீட்சிக் குணகம் (பொருளுக்கே உள்ள விறைப்பு) 70 கிகாபாஸ்கல், ஆனால் 0.4-ஐ மும்மடி எடுத்தால் 0.064, பெருக்கினால் 4.5. ப்ளைவுட் 10 கிகாபாஸ்கல்தான், ஆனால் 1.5-இன் மும்மடி 3.4, பெருக்கினால் 34. ஃபைபர் கிளாஸ் 20, அரை மி.மீ., பெருக்கினால் 2.5. ஆக ஒரே எடையில் ப்ளைவுட் அலுமினியத்தை விட ஏழு மடங்குக்கு மேல் விறைப்பு, நீங்கள் வலுவானது என்று நினைத்த ஃபைபர் கிளாஸ் மூன்றிலும் கடைசி. இழுத்து அறுப்பதில் அது பலசாலிதான். ரிப்புக்கும் ரிப்புக்கும் நடுவே தொய்யாமல் நிற்பதற்கு அந்தப் பலம் உதவாது.

பிப்ரவரி 10, கொஞ்ச நேரம் கழித்து

அலுமினியத்தில் எந்த ரகம் என்று இரண்டு பேர் கேட்கிறார்கள். 2024-டி3, 6061-டி6, 5052, 3003, எல்லாவற்றுக்கும் விறைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். விலை கூடிய ரகம் வாங்கினால் தொய்வு குறையும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். வித்தியாசம் டொக்கு விழுவதில் இருக்கிறது. 3003-எச்14 ஏறக்குறைய 145 மெகாபாஸ்கலில் நிரந்தரமாக நசுங்கத் தொடங்கும், 6061-டி6 275 வரை தாங்கும், 2024-டி3 அதற்கும் மேலே. 2024-க்கு மேலே தூய அலுமினியப் பூச்சு உள்ள தகடு வாங்கவேண்டும், இல்லாவிட்டால் அரிப்பு சீக்கிரம் வரும். 6061 பூச்சு இல்லாமலேயே நன்றாக இருக்கும். மர இறக்கையின் மூக்குக்கு நான் 6061-டி6 பக்கம்தான்.

பிப்ரவரி 11

"200 கி.மீ. வேகத்தில் காற்று மூக்கை உள்ளே அமுக்கிவிடாதா, 0.4 போதுமா?"

மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் காற்று நேராக மோதும் இடத்தில் அழுத்தம் 1.9 கிலோபாஸ்கல், அதாவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 190 கிலோ. கேட்க பயமாக இருக்கும். ஆனால் அது மூக்கின் நுனியில் ஒரு குறுகிய பட்டையில் மட்டும், அங்கேதான் தகடு நன்றாக வளைந்து தன்னைத்தானே தாங்கிக்கொண்டு இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் பின்னால், மேற்பக்கம், இறக்கை அதிகக் கோணத்தில் இழுக்கும்போது நடப்பது நேர் எதிர்: தகட்டை வெளியே உறிஞ்சுகிறது, மோதும் அழுத்தத்தைப் போலப் பல மடங்கு. அமுக்குவதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் ஆணி கழன்று தகடு மேலே எழும்புவதைப் பற்றிக் கவலைப்பட்டால் நன்றாக இருக்கும்.

மூக்கை உண்மையில் கெடுப்பது காற்று இல்லை. துணி.

பிப்ரவரி 13

துணி என்று ஒற்றை வார்த்தையில் முடித்ததற்கு விளக்கம் கேட்டிருக்கிறார்கள், நியாயம்.

பாலியஸ்டர் துணியை ஒட்டிய பிறகு இஸ்திரிப் பெட்டியால் சூடாக்கிச் சுருக்குகிறோம். பரவலாகப் பயன்படும் முறையில் முதல் சுற்று 121 டிகிரி, கடைசிச் சுற்று 177 டிகிரி செல்சியஸ். ஒவ்வொரு சுற்றிலும் துணி இறுகும். பின்விளிம்பிலிருந்து முன்விளிம்பைச் சுற்றி மறுபடி பின்விளிம்புக்குப் போகும் துணி, மூக்கைப் பின்னோக்கி இழுக்கிறது. ரிப் இருக்கும் இடத்தில் தாங்குவதற்கு ஆள் இருக்கிறது, நடுவில் இல்லை. அங்கே தகடு குழிகிறது. வெயில் சாய்வாக விழும்போது இறக்கையின் ஓரமாக நின்று பார்த்தால் மூக்கு முழுவதும் மேடும் பள்ளமுமாகத் தெரியும். கூடவே இருந்து வேலை செய்த ஒரு நண்பரின் இறக்கையில் இதைக் கண்ணெதிரே பார்த்தேன். முதல் சுற்றில் ஒன்றுமில்லை, இரண்டாவது சுற்றில் லேசாகத் தெரிந்தது, கடைசிச் சுற்றில் அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அவர் போட்டிருந்தது 0.4 தகடு, ரிப்புகளுக்கு நடுவே 38 செ.மீ. இடைவெளி.

மருந்து பழசு. முக்கிய ரிப்புகளுக்கு நடுவே மூக்குக்கு மட்டும் ஒரு அரை ரிப். முதல் உலகப் போர் விமானங்களிலேயே இது உண்டு. இடைவெளி பாதியானால் தொய்வு பாதியாகாது, அதைவிட மிக வேகமாகக் குறையும். அரை ரிப் ஒன்று சில பத்து கிராம்தான். தகட்டை 0.4-இலிருந்து 0.5-க்கு ஏற்றினால் மும்மடிக் கணக்கில் விறைப்பு இரண்டு மடங்கு, எடை கால் பங்கு கூடும். என்னைக் கேட்டால் முதலில் அரை ரிப், பிறகுதான் தடிப்பு.

1917-இல் வந்த ஃபோக்கர் டிஆர்.1 மூன்றடுக்கு விமானத்தின் படங்களைப் பாருங்கள். மூக்கு ப்ளைவுட்டின் பின் ஓரம் நேர்கோடாக இல்லாமல் ரம்பப் பல் மாதிரி வெட்டியிருக்கும், பல்லின் முனை ஒவ்வொன்றும் ஒரு ரிப்பின் மேல் உட்காரும். நடுவில் ப்ளைவுட் உள்வாங்கி இருப்பதால் துணி தொய்யும்போது ஓரத்தில் மடிப்பு விழாது.

பிப்ரவரி 14

பஞ்சு மெத்தை மாதிரி பாலியஸ்டர் ஃபெல்ட் ஒட்டி அதன் மேல் துணி போட்டால் பள்ளம் தெரியாதா என்று கேட்டவருக்கு: ஆணித் தலையும் தகட்டின் ஓரமும் தெரியாது. பள்ளம் தெரியும், மிருதுவாகத் தெரியும்.

பிப்ரவரி 17

பத்தாம் தேதி எழுதிய கணக்கில் வெப்பத்தைச் சேர்க்கவில்லை. மர இறக்கைக்கு இதுதான் பெரிய விஷயம்.

அலுமினியம் ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் 23 மைக்ரான் நீளும். மரம் நார் நீளவாக்கில் 4 மைக்ரான் மாதிரி. 2.5 மீட்டர் நீளத் தகடு, பட்டறையில் குளிர்ந்த காலையில் ஆணி அடித்தது, வெயிலில் 30 டிகிரி சூடேறினால் தகடு 1.7 மி.மீ. நீளும், ஸ்பார் 0.3 மி.மீ. மிச்சம் 1.4 மி.மீ. போக இடமில்லை. 1.4 மி.மீ.தானே என்று தோன்றும். 30 செ.மீ.க்கு ஒரு ரிப் என்று பிரித்தால் ஒவ்வொரு கட்டத்துக்கும் 0.17 மி.மீ. வருகிறது. இரண்டு முனையும் பிடித்திருக்கும் தட்டையான 30 செ.மீ. தகட்டுக்கு 0.17 மி.மீ. கூடுதல் நீளம் கொடுத்தால் நடுவில் நாலரை மி.மீ. எழும்பும்! முனைகளைக் கொஞ்சம் நெருக்கினாலே நடு எவ்வளவு புடைக்கும் என்பது நீளமான ஸ்கேலை அமுக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மூக்கில் தகடு வளைந்திருப்பதால் அங்கே அவ்வளவு வராது. ஸ்பாரை நெருங்கும் தட்டைப் பகுதியில் வரும், காலையில் ஒரு இறக்கை, மதியம் வேறு இறக்கை.

ப்ளைவுட்டில் இந்தத் தலைவலி இல்லை, மரத்தோடு மரம். ஈரத்துக்கு அது உப்பும் சுருங்கும் என்பது உண்மை, ஆனால் ஸ்பாரும் கூடவே அந்தப் போக்கில்தான் போகிறது.

பிப்ரவரி 18

"அப்படியானால் பழைய பைப்பர் கப் விமானம் எப்படிப் பறந்தது? மர ஸ்பார், அலுமினிய மூக்கு, இன்றைக்கும் பறக்கிறதே" என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். நல்ல கேள்வி. போருக்கு முந்தைய கப்களில் ஸ்பார் மரம்தான்.

அங்கே ரிப்புகளும் அலுமினியம் என்பதை மறந்துவிடாதீர்கள். அதோடு, முழு நீளத்துக்கும் ஒரே தகடாகப் போட்டு எல்லாப் பக்கமும் இறுக்கினால்தான் நேற்றைய கணக்கு முழுசாக வேலை செய்யும். தகட்டைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ரிப்பின் மேல் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்து, ஒரு பக்கத்தை மட்டும் பிடித்து மறு பக்கம் துளி நழுவ விட்டால் நீட்சி அங்கங்கே கரைந்துவிடும். ஏறும் ஓரம் துணிக்கு அடியில் ஒரு கோடாகத் தெரியும், அவ்வளவுதான். ஆகவே மர இறக்கையில் அலுமினியம் கூடாது என்று நான் சொல்லவில்லை. நீள ஆசைப்படாதீர்கள் என்கிறேன்.

அலுமினியம்தான் என்று முடிவு செய்தால் கூடவே: தகடு படும் மரத்துக்கு வார்னிஷ், தகட்டின் உள்பக்கம் ப்ரைமர். பித்தளை ஆணி அழகாக இருக்கிறது என்று அலுமினியத்தில் அடிக்காதீர்கள், ஈரம் பட்டால் ஆணியைச் சுற்றித் தகடு பொடியாகிவிடும்.

பிப்ரவரி 22

ப்ளைவுட் வளைப்பதைப் பற்றி எழுதச் சொல்லி எவ்வளவு பேர்! எல்லோருமே உடைத்திருக்கிறார்கள் போல. எனக்கும் முதல் பலகை பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான்.

1.5 மி.மீ. பிர்ச்சை உலர்ந்தபடியே சின்ன மூக்கைச் சுற்றி இழுத்தால் வெளிநார் பட்டென்று பிரியும். வெந்நீரில் ஊறவைத்து, அல்லது நனைத்த துணியைப் போட்டு மேலே சூடு காட்டி, இறக்கையின் மூக்கை விட ஆரம் சிறிய ஒரு அச்சில் மெதுவாக இழுத்துக் கட்டி அப்படியே விட்டுவிட வேண்டும். ஆரம் சிறியதாக இருக்கவேண்டியது எதற்கென்றால், அவிழ்த்ததும் கொஞ்சம் விரியும். நன்றாக உலர்ந்த பிறகுதான் பசை. ஈரப்பதம் 8-லிருந்து 12 சதவீதத்துக்குள் வரட்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு ஒட்டினால் அன்றைக்கு ஒட்டியது போலத்தான் இருக்கும்.

மூக்கு மிகவும் கூரானது என்றால் முழுவதும் சுற்றவேண்டாம். நுனியில் ஒரு ஸ்ப்ரூஸ் கட்டை, மேலிருந்து ஒரு ப்ளைவுட், கீழிருந்து ஒரு ப்ளைவுட், இரண்டும் கட்டையில் வந்து ஒட்டும், பிறகு கட்டையை இழைத்து உருட்டிக்கொள்ளலாம். எடை கொஞ்சம் கூடும். அந்த எடை முன்னால் இருக்கிறது, இறக்கை படபடப்பதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு முன்னால் கூடும் எடை கெடுதல் செய்யாது. இரண்டு பலகையை நீளத்தில் சேர்க்கும்போது சரிவு இணைப்பு, 12-க்கு 1. 1.5 மி.மீ.க்கு 18 மி.மீ. அகலம்.

இப்போது பத்தாம் தேதிக் கணக்குக்கு ஒரு திருத்தம். ப்ளைவுட்டுக்கு 10 கிகாபாஸ்கல் என்று போட்டது மேல்நார் ஓடும் திசையில். நாரை 45 டிகிரி சாய்த்து வைத்தால் அந்தத் திசையில் கிடைக்கும் விறைப்பு நாலில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். 34 என்றது 8 ஆகிவிடும். அப்போதும் அலுமினியத்தின் 4.5-ஐ விட மேல்தான், ஆனால் ஏழு மடங்கு என்ற பெருமை போய்விட்டது. அப்படியானால் கிளைடர்காரர்கள் ஏன் 45-இல் வைக்கிறார்கள்? அவர்களுடைய தோல், அதாவது இறக்கையின் மேல் உறை, முறுக்கைச் சுமக்கிறது, முறுக்கு தோலில் மூலைவிட்டமாகத்தான் இழுக்கும், நார் அந்தத் திசையில் இருக்கவேண்டும். உங்கள் தோலுக்கு அந்த வேலை இல்லை. அதனால் மேல்நாரை ஸ்பாரோடு இணையாக வைத்துவிடுங்கள். ரிப்புக்கும் ரிப்புக்கும் நடுவே முழு விறைப்பு கிடைக்கும், மூக்கைச் சுற்றி வளைப்பதற்கும் அதுதான் சுலபமான திசை. முதல் நாள் கேட்ட கேள்வி, பாரமா வடிவமா என்பது, நார் எந்தப் பக்கம் போகவேண்டும் என்பது வரைக்கும் வந்துவிடுகிறது பாருங்கள்.

பிப்ரவரி 23

சின்னது. மூடுவதற்கு முன் உள்ளே வார்னிஷ், பசை படும் இடம் மட்டும் வெறுமையாக. ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் காற்றும் நீரும் போக வழி. மூடிய பிறகு ஞாபகம் வந்து புலம்பிக் கடிதம் எழுதாதீர்கள்.

பிப்ரவரி 25

ஃபைபர் கிளாஸ் ஆட்கள் கோபித்துக்கொண்டார்கள். "1975-இல் வந்த ஃபைபர் கிளாஸ் விமானம் வேரி-ஈஸியிலிருந்து எத்தனை விமானங்கள், எல்லாம் தொய்ந்துபோயா இருக்கிறது?"

இல்லை. அவற்றில் கண்ணாடித் தோலுக்குக் கீழே முழுக்க ஃபோம். தோல் தனியாக நிற்கவேண்டிய அவசியமே இல்லை. சூடான கம்பியால் ஃபோமை இறக்கை வடிவத்தில் வெட்டி மேலே கண்ணாடி போர்த்துகிறார்கள், முறுக்குக்காக ஒரு பங்கு இழைகளை 45 டிகிரியில் போடுகிறார்கள். மறுபடியும் அதே விஷயம். நான் கடைசி இடம் கொடுத்தது உள்ளே ஒன்றுமில்லாத வெறும் ஓட்டுக்கு. ஐந்து மி.மீ. ஃபோமை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு அடுக்கு போட்டால் ப்ளைவுட்டையே தோற்கடித்துவிடும், எடையும் அதிகம் ஏறாது.

ஆனால் உங்கள் இறக்கைக்கு மேலே துணி வரப்போகிறதே, அங்கேதான் சிக்கல். பாலிஸ்டைரீன் ஃபோம் 100 டிகிரி பக்கத்திலேயே இளகும், நம் இஸ்திரிப் பெட்டி 121-இல் தொடங்குகிறது. துணி ஒட்டும் பசையின் கரைப்பான் பட்டாலும் கரைந்து ஓடும், பெட்ரோல் பட்டாலும் அப்படித்தான். முன்விளிம்பில் எரிபொருள் தொட்டி வைக்கிறவர்கள் அந்த ஃபோமை நினைத்துக்கூடப் பார்க்கவேண்டாம். பிவிசி ஃபோம் இதற்கெல்லாம் எவ்வளவோ மேல். டிவி பெட்டியில் வரும் தெர்மகோலை வெட்டி மூக்கு செய்யலாமா என்று கேட்டவருக்குப் பதில்: அதில் டிவி பத்திரமாக இருக்கும்.

பட்டறைச் சூட்டில் இறுகும் எபாக்ஸிகளும் 60, 70 டிகிரி தாண்டினால் தளர ஆரம்பிக்கும். கருநீலப் பெயின்ட் அடித்து வெயிலில் நிறுத்தினால் அந்தச் சூடு சாதாரணமாக வந்துவிடும். இப்படிக் கட்டிய ஃபைபர் கிளாஸ் விமானங்கள் பெரும்பாலும் வெள்ளையாக நிற்பது இதனால்தான், ரசனை இல்லாமல் இல்லை.

அடிபட்டால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். அலுமினியம் டொக்கு விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். ப்ளைவுட் ஒன்று தாங்கும், இல்லை விரியும், விரிந்தால் சுற்றி வெட்டிச் சரிவு ஒட்டு போடலாம். ஃபைபர் கிளாஸ் மேலே ஒன்றுமே நடக்காதது போல இருக்கும், உள்ளே ஃபோம் நசுங்கித் தோல் பிரிந்திருக்கும். நாணயத்தால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுக் கண்டுபிடிக்கவேண்டும். எனக்குக் காது அவ்வளவு நம்பிக்கையானது இல்லை, அதனால்தான் இந்தப் பாரபட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 1

கார்பன் ஃபைபர்? வேண்டாம். அலுமினியத்தைத் தொட்டால் அலுமினியத்தை அரிக்கும், நடுவே ஒரு அடுக்கு கண்ணாடி வைக்கவேண்டும், நமக்கு வேண்டிய வேலைக்கு அதன் பலத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை.

மார்ச் 2

இவ்வளவு எழுதிவிட்டு யோசித்துப் பார்க்கிறேன், எல்லோரும் பொருளைப் பற்றியே கேட்கிறார்கள், உருவத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இறக்கை எப்போது, எப்படி ஸ்டால் ஆகும் (தூக்கும் சக்தியை இழக்கும்) என்பதைத் தீர்மானிப்பதில் முன்னால் உள்ள முதல் பத்து சதவீத நீளத்துக்குப் பெரிய பங்கு. இடது மூக்கும் வலது மூக்கும் வேறு வேறாக இருந்தால் ஒரு பக்கம் முன்னதாகக் கைவிடும், விமானம் அந்தப் பக்கம் சாயும்.

லாங்-ஈஸி என்ற ஃபைபர் கிளாஸ் விமானத்தின் கதை பலருக்குத் தெரியும். முதலில் அதன் முன்சிறகில் (விமானத்தின் முன்னால் இருக்கும் சின்ன இறக்கை) இருந்தது ஜியு என்ற வகைக் குறுக்குவெட்டு உருவம். சுத்தமாக இருந்தால் அருமை. மழையில் நனைந்தால் துளிகள் காற்றோட்டத்தைக் கலைத்து முன்சிறகின் தூக்கு குறையும், விமானத்தின் மூக்கு தாழும், கட்டுப்பாட்டுக் குச்சியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கவேண்டும். பிறகு ஜான் ரான்ஸ் வடிவமைத்த ஆர்1145எம்எஸ் உருவத்துக்கு மாறினார்கள், பிரச்சினை தீர்ந்தது. கட்டுமானப் பொருள் அதே கண்ணாடியும் ஃபோமும்தான், உருவம் மட்டும் வேறு.

உங்கள் விமானத்தின் உருவம் அவ்வளவு நுணுக்கமானதாக இருக்காது, துணி இறக்கைகள் பொதுவாக மன்னிக்கும் குணம் உள்ளவை. ஆனாலும் ஒரே அச்சில் இரண்டு பக்கத்தையும் வளையுங்கள். ரிப் வரைபடத்திலிருந்து ஒரு வெட்டு அட்டை செய்து ரிப்பின் மேலும், ரிப்புகளுக்கு நடுவிலும் வைத்துப் பாருங்கள். நடுவில் வைத்துப் பார்ப்பதுதான் முக்கியம், ரிப்பின் மேல் எல்லோருக்கும் சரியாகத்தான் இருக்கும். துணி போடுவதற்கு முன் ஒரு தடவை, போட்ட பின் ஒரு தடவை.

மார்ச் 6

"மூக்கில் தரையிறங்கும் விளக்குக்கு ஓட்டை வெட்டலாமா?"

உங்களுக்கு வெட்டலாம், விளக்குக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு அரை ரிப் போட்டுவிட்டு. இதைப் படித்துவிட்டு ஒற்றை ஸ்பார் இறக்கை வைத்திருப்பவர் வெட்டினால் ஒன்பதாம் தேதி இரவு சொன்ன அட்டைக் குழாயைக் கிழிப்பது போலத்தான். அங்கே ஓட்டையைச் சுற்றிக் கனமான சட்டம் வேண்டும், அந்தச் சட்டத்தின் கணக்கும் வேண்டும். விளக்கைச் சக்கரக் காலில் மாட்டிவிட்டுப் போங்கள்.

மார்ச் 9

கேள்வி கேட்டவர் வடிவமைத்தவரிடமிருந்து பதில் வாங்கிவிட்டார்: தோல் வடிவத்துக்கு மட்டும், மாற்றிக்கொள்ளலாம், மொத்த எடையை மட்டும் பார்த்துக்கொள். ப்ளைவுட் போடுகிறாராம், நார் ஸ்பாருக்கு இணையாக. 1.5-க்குப் பதில் 1 மி.மீ. போட்டு எடை குறைக்கலாமா என்று கேட்கிறார். 10-ஐ 1-இன் மும்மடியால் பெருக்கினால் 10, அலுமினியத்தை விட இரண்டு மடங்கு, எடையோ மூன்றில் இரண்டு பங்கு. அரை ரிப்புகளும் போடுவதாக இருந்தால் எனக்குச் சம்மதம். விரல் குத்தினால் ஓட்டை விழும் பயம் மட்டும் 1 மி.மீ.யில் கொஞ்சம் அதிகம், விமானத்தைத் தள்ளுகிறவர்கள் எங்கே கை வைப்பார்கள் என்பதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள்.

மார்ச் 10

மழையும் பூச்சியும் பெயின்ட்டை முன்னாலிருந்துதான் தின்னும். தெளிவான பாலியூரிதேன் டேப் விற்கிறார்கள், மூக்கில் ஒட்டலாம். அதன் பின் ஓரம் ஒரு படியாக நிற்கும் என்பதால் முடிந்தவரை பின்னால் கொண்டுபோய் முடியுங்கள், இரண்டு இறக்கையிலும் ஒரே இடத்தில். பெயின்ட் முழுவதும் காய்ந்த பிறகு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் உரிக்கும் அன்றைக்குப் பெயின்ட்டும் கூடவே வரும்.